நல்ல மார்க்கெட்டிங் ஆட்களைத் தக்கவைப்பது எப்படி? முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கம் பம்ப், கிரைண்டர், பின்னலாடை, மசாலா என்று பல தொழில் செய்பவர்களுக்கு மார்க்கெட்டிங் டீம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியில் மார்க்கெட்டிங் பொறுப்பில் இருந்தேன். இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் கம்பெனிகளின் முதலாளிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

வேலை நன்றாகக் கற்றுக்கொண்டதும் போய்விடுகிறார்கள். சம்பளம்தானே காரணம்?

சம்பளமும் ஒரு காரணம். ஆனால் போகிறவர் உங்களிடம் சொல்வது எப்போதும் சம்பளத்தைத்தான். அதுதான் யாரையும் புண்படுத்தாத பதில்.

என் டீமில் ஒரு பெண் இருந்தார். கூகுள், மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) இரண்டிலும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டவர். மூன்று வருடம் முடித்துப் பேப்பர் போட்டார். கடைசி நாள் கேன்டீனில் உட்கார வைத்துக் கேட்டேன். "அங்க எட்டாயிரம்தாங்ணா கூட. அதுக்காகப் போகலைங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து காட்டினார். ஆடிப்பெருக்கு போஸ்டர் ஒன்று. காலை பத்து மணிக்கு அனுப்பியிருக்கிறார். எம்டி லோகோவைப் பெரிதாக்கச் சொல்கிறார். அவர் தம்பி பச்சை நிறம் வேண்டாம் என்கிறார். சேல்ஸ் மேனேஜர் டீலர்கள் போன் நம்பரையெல்லாம் கீழே போடச் சொல்கிறார். இரவு 11.40-க்கு, கம்பெனியிலேயே வேலை செய்யாத ஒரு சொந்தக்காரர் 'எழுத்து பார்க்க நல்லா இல்லையே' என்று எழுதியிருக்கிறார். கடைசியாகப் போன ஃபைலின் பெயர் 'ஆடி ஃபைனல் ஃபைனல் 17'.

அதே சீசனில் ஒரு லீடுக்கு, அதாவது விளம்பரம் பார்த்து விசாரிக்கும் ஒருவரைக் கொண்டுவர, ஆகும் செலவை 310 ரூபாயிலிருந்து 140 ரூபாய்க்கு அவர் இறக்கியிருந்தார். அந்தக் கணக்கு ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. மாதாமாதம் எனக்கும் மெயிலில் வந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. எம்டியும் பார்க்கவில்லை. பதினேழு போஸ்டரைப் பற்றிப் பேச ஆறு பேர் இருந்தோம். பாதியாகக் குறைந்த செலவைப் பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு உறைத்த விஷயத்தை வைத்துத்தான் இன்று வரை இந்தத் தொழிலைச் செய்கிறேன்.

அப்படியானால் முதலில் எதை மாற்றுவது?

போஸ்டருக்கு ஓகே சொல்லும் ஆள் ஒருவராக இருக்கவேண்டும். மற்றவர்கள் கருத்து சொல்லலாம், ஆனால் அவர் வழியாகத்தான் சொல்லவேண்டும். இரண்டு முறைதான் திருத்தம். இதற்கு ஒரு பைசா செலவில்லை. நான் போகிற கம்பெனிகளில் முதல் வாரம் செய்யச் சொல்வது இதைத்தான். முதலாளி குடும்பத்தில் இரண்டு பேராவது வருத்தப்படுவார்கள். எம்டியே உட்கார்ந்து அவர்களிடம் பேசினால்தான் நடக்கும், மார்க்கெட்டிங் ஆளால் அது முடியாது.

அடுத்தது, மார்க்கெட்டிங் ஆள் கையில் ஒரு பட்ஜெட்டைக் கொடுங்கள். மாத விளம்பரச் செலவு மூன்று லட்சம் என்றால் முப்பதாயிரத்தை 'யாரையும் கேட்காமல் செய்து பார்' என்று விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் என்ன செய்தார், என்ன கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள். பணம் வீணாகிற மாதமும் வரும். ஆனால் இந்த வேலையில் திறமை உள்ளவருக்கு 'செய்து பார்' என்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

மூன்றாவது, மாதம் ஒரு மணி நேரம் எம்டி அவரோடு உட்காரவேண்டும். எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. எந்த விளம்பரத்திலிருந்து வந்த லீடை எந்த டீலர் விற்றார், எதைக் கோட்டை விட்டார் என்று பார்க்கவேண்டும். சேல்ஸ் ஆள் விற்றால் பெயர் அவருக்குப் போகிறது. அந்த வாடிக்கையாளரை வாசல் வரை கூட்டிவந்தவர் பெயர் எங்கேயும் வருவதில்லை. டீலர் மீட்டிங்கில் அவரை மேடைக்கு அழைத்து ஐந்து நிமிடம் பேச வையுங்கள். ஒரு தடவை செய்து பார்த்தால் அடுத்த நாள் அவர் வேலைக்கு வரும் தோரணையே வேறாக இருக்கும்.

பெங்களூரு சம்பளத்தோடு நாங்கள் எப்படிப் போட்டி போடமுடியும்?

முழுவதுமாக முடியாது. ஆனால் 'இங்கே வாடகை கம்மி, அம்மா சமையல், சொந்த ஊர்' என்ற பேச்சு 2020-க்குப் பிறகு முன்போல் எடுபடுவதில்லை. கோவை பீளமேட்டில் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்பவர் உங்கள் ஆளுடைய பள்ளி நண்பராகவே இருப்பார். அம்மா சமையலும் இருக்கிறது, அந்தச் சம்பளமும் இருக்கிறது.

எனவே ஊரைச் சொல்லிச் சம்பளத்தை அமுக்காதீர்கள். வருடம் இரண்டு முறை, அதே வேலைக்கு அதே அனுபவத்தோடு இன்று வெளியே என்ன கேட்கிறார்கள் என்று நான்கு பேரிடம் விசாரியுங்கள். உங்கள் ஆள் அதைவிட 10 சதவீதம் குறைவாக வாங்கினால் மற்ற நல்ல விஷயங்கள் அவரைப் பிடித்து வைக்கும். 40 சதவீதம் குறைவு என்றால் எதுவும் பிடித்து வைக்காது. இது நான் பார்த்ததிலிருந்து சொல்வது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மூன்று வருடமாக இருப்பவருக்கு 38,000. நேற்று சேர்ந்த, அவரிடமே வேலை கற்றுக்கொள்ளும் ஆளுக்கு 48,000. ஆஃபர் லெட்டரில் ரகசியம் என்று எழுதியிருந்தாலும் ஒரு வாரத்தில் டீக்கடையில் தெரிந்துவிடும். புது ஆளை எடுக்கும் முன்பே பழைய ஆளின் சம்பளத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

ஒருவர் போனால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

மாதம் 45,000 வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிகள் பெரும்பாலும் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்பார்கள். அது 45,000. புது ஆள் மாதம் பத்தாயிரம் கூடுதலாகத்தான் வருவார். முதல் வருடத்திலேயே 1,20,000. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு.

தெரியாத செலவு விளம்பரக் கணக்குக்குள் இருக்கிறது. மெட்டாவில் ஒரு ஆட் செட், அதாவது ஒரே அமைப்பில் ஓடும் விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டினால் பலன் என்று கற்கும் கட்டத்தை முடித்து நிலைபெற, ஒரு வாரத்துக்குள் சுமார் 50 கன்வெர்ஷன் (பார்த்தவர் நீங்கள் எதிர்பார்த்ததைச் செய்வது) வேண்டும். பெரிய மாற்றம் எதையாவது செய்தால் அந்தக் கற்றல் கட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிதாக வருபவர் முதலில் செய்வது என்ன? பழையவர் வைத்திருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டுத் தன் வழியில் போடுவார். மாதம் மூன்று லட்சம் செலவில் ஒரு லீட் 150 ரூபாய் என்றால் 2,000 லீட். அதுவே 200 ரூபாய் ஆனால் 1,500. மூன்று மாதத்தில் 1,500 பேர் உங்களிடம் வராமலே போய்விட்டார்கள். அது கோடையில் பம்ப் விற்கும் மூன்று மாதமாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

போகப்போகிறார் என்பது முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். பலரும் லிங்க்ட்இன் படத்தை மாற்றுகிறாரா, செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறாரா என்று பார்க்கிறார்கள். அதைவிட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. மீட்டிங்கில் உங்களோடு வாதாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் 'சரிங்க சார்' என்று சொல்ல ஆரம்பிப்பார். அடங்கிவிட்டார் என்று முதலாளி சந்தோஷப்படுவார். அவர் மனதளவில் கிளம்பிவிட்டார்.

நம் ஊரில் தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகும், ஏப்ரல் இன்க்ரிமென்ட் கடிதம் வந்த பிறகும்தான் பேப்பர் அதிகம் விழும். ஆகவே செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேசுங்கள். இது அப்ரைசல் இல்லை, மார்க் போடாதீர்கள். 'இங்கே எந்த வேலை செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை? எது எரிச்சல்? நான் எதை நிறுத்தினால் உனக்கு வேலை சுலபமாகும்?' என்று கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது அந்த மாதமே செய்துவிடவேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பேப்பர் போட்ட பிறகு சம்பளத்தை உயர்த்தி நிறுத்தலாமா?

பெரும்பாலும் வேண்டாம். 'போகிறேன் என்று சொன்னால்தான் இங்கே காசு வரும்' என்று டீம் முழுக்கக் கற்றுக்கொள்ளும். தங்குபவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கீறல் விழுந்துவிடும். ஒரே ஒரு நிலைமையில் செய்யலாம்: அவர் சம்பளம் குறைவு என்று உங்களுக்கே முன்பு தெரியும், தள்ளிப் போட்டுவிட்டீர்கள். அப்போது அதை ஒப்புக்கொண்டு, அவருக்கு மட்டுமில்லாமல் அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து உயர்த்துங்கள்.

இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்கலாமா? போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று எழுதலாமா?

இரண்டும் வேறு வேறு. வேலையை விட்ட பிறகு இன்ன இடத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. விளம்பர ஒப்பந்தம் ஒன்று தொடர்பாக கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் போன்ற ரகசியங்களை எடுத்துச் செல்லக்கூடாது என்று எழுதலாம். அது வேறு விஷயம்.

பாண்ட் பற்றி 2025 மே மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. விஜயா வங்கியில் மூன்று வருடம் முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் காட்டி 'நாங்களும் எழுதுகிறோம்' என்று சிலர் கேட்கிறார்கள். பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்வு நடத்தி எடுக்கும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒருவருக்காக உண்மையில் செலவழித்த பயிற்சிப் பணத்தை, நியாயமான அளவில், திரும்பக் கேட்கலாம். வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டும் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். கைதியாக உட்கார்ந்திருப்பவர் எழுதும் விளம்பரம் யாரையும் வாங்க வைக்காது.

மாலையில் வெளியாருக்கு ஃப்ரீலான்ஸ் செய்கிறார். கண்டிக்கவா?

2022-இல் இந்தப் பேச்சு நாடு முழுக்க ஓடியது. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்தார்கள் என்று விப்ரோ 300 பேரை நீக்கியது. அதே வருடம் ஸ்விக்கி, நிபந்தனைகளோடு வெளிவேலைக்கு அனுமதி கொடுத்தது. சிறிய கம்பெனிகளுக்கு நான் சொல்வது இது: போட்டியாளருக்குச் செய்யாதே, ஆபீஸ் நேரத்தில் செய்யாதே, செய்வதை என்னிடம் சொல்லிவிடு. தெருமுனை பேக்கரிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துகிறவர் அங்கே கற்றதை உங்களுக்கும் கொண்டுவருவார். ஆனால் அவர் ஏன் இரவில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று யோசியுங்கள். ஈஎம்ஐக்காகவா, பகலில் தன் கைத்திறனைக் காட்ட இடமில்லாததாலா? இரண்டுக்கும் நீங்கள் செய்யவேண்டியது வேறு.

செலவு செய்து பயிற்சி கொடுத்தால், கற்றுக்கொண்டு ஓடிவிடுவாரே?

சிலர் ஓடுவார்கள். ஆனால் இந்தத் தொழிலில் கற்றது ஒன்றரை வருடத்தில் பழசாகிவிடும். கற்றுக்கொள்ள வழியில்லாத இடத்தில் இருந்தால் தன் மதிப்பு குறைகிறது என்று நல்ல ஆளுக்குத் தெரியும், அவர்தான் முதலில் போவார். கற்க ஆசையில்லாதவர் உங்களோடு நிரந்தரமாக இருப்பார்.

விலை உயர்ந்த கோர்ஸ்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மாதம் ஒரு நாள் டீலர் கடையில் நிற்க வையுங்கள். பம்ப் வாங்க வரும் விவசாயி 'எத்தனை ஹெச்பி' என்று கேட்பதில்லை, 'எங்க கிணறு முந்நூறு அடிங்க, தண்ணி ஏறுமா?' என்று கேட்கிறார். அதைக் காதால் கேட்ட கன்டென்ட் ரைட்டர் எழுதும் தலைப்பே வேறு. அந்த அறிவு வேறு எந்தக் கம்பெனியிலும் அவருக்குக் கிடைக்காது.

மேனேஜர் ஆக்கினேன், அதற்குப் பிறகுதான் போனார். ஏன்?

அவர் விளம்பரம் செய்ய வந்தவர். நீங்கள் அவரை லீவு லெட்டர் பார்க்க வைத்துவிட்டீர்கள். நல்ல டிசைனர், நல்ல ரைட்டர் எல்லோருக்கும் ஆட்களை மேய்க்கும் ஆசை இருக்காது. ஆள் பொறுப்பு இல்லாமலே சீனியர் ஆகவும், மேனேஜருக்குச் சமமாகச் சம்பளம் வாங்கவும் ஒரு வழி வையுங்கள். பதவி உயர்த்தும் முன் 'வேண்டுமா?' என்று கேளுங்கள்.

ஷேர் கொடுக்கலாமா, ரொக்கமாகக் கொடுக்கலாமா?

சென்னையில் வளர்ந்த மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, ஷேர் வைத்திருந்த ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள். அதிலிருந்து எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அந்த ஷேரை விற்கச் சந்தை இருந்தது. குடும்பம் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஷேரை ஊழியர் யாரிடம் விற்பார்? காகிதத்தைக் கொடுத்து ஆசை காட்டாதீர்கள்.

நம் ஊர் உதாரணம் இன்னும் பொருத்தமானது. சரவணகுமார் தொடங்கி, கோவையில் இயங்கும் கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம், மூன்று வருடம் முடிப்பவர்களுக்கு வருடச் சம்பளத்தில் பாதியை போனஸாகத் தருவதாக 2022-இல் அறிவித்தது. 2025 ஜனவரியில் முதல் தொகுதியினருக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தது. 140 பேருக்கு மேல், மொத்தம் 14 கோடி ரூபாய் என்ற திட்டம். உங்களால் பாதி முடியாவிட்டால் இரண்டு மாதச் சம்பளம் என்று வையுங்கள். தேதியையும் தொகையையும் முதல் நாளே எழுத்தில் கொடுத்து, அந்தத் தேதியில் கேட்காமலே கணக்கில் போடுங்கள்.

பெண்கள் கல்யாணம், குழந்தை என்று நின்றுவிடுகிறார்களே?

நின்றுவிடுவதில்லை, நாம் நிறுத்திவிடுகிறோம். கைக்குழந்தையோடு இருப்பவரிடம் 'காலை ஒன்பதரைக்கு ஆபீஸில் இரு' என்பதைத் தவிர வேறு வழி காட்டாவிட்டால் அவர் என்ன செய்வார்? மகப்பேறு பயன் சட்டத்தில் 2017 திருத்தம் கொண்டுவந்தபடி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், பேசி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யவும் அதே திருத்தம் வழி சொல்கிறது. விளம்பரக் கணக்கு பார்ப்பதும், எழுதுவதும், டிசைன் செய்வதும் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைதான். நான் பார்த்த ஒரு மசாலா கம்பெனியில் இரண்டு வருடம் தினம் ஐந்து மணி நேரம் என்று ஒருவருக்கு ஒத்துக்கொண்டார்கள். எட்டு வருடமாக அங்கேயே இருக்கிறார், இன்று மொத்த மார்க்கெட்டிங்கும் அவர் கையில்.

ஏஐ வந்துவிட்டது. இனி ஆட்கள் எதற்கு?

போஸ்டர் பதினேழாவது தடவை திருத்துவதற்கு வேண்டாம். அந்த விவசாயியின் கேள்வியைக் கேட்டு வருவதற்கு வேண்டும்.

கடைசியில் ஒருவர் போயே தீருவார் என்றால் எப்படி அனுப்புவது?

நல்லபடியாக. விளம்பரக் கணக்கு, டொமைன், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் கம்பெனி மெயிலில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தால், கடைசி நாளில் பாஸ்வேர்டுக்காகச் சண்டை வராது. ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ராஜினாமா செய்தவருக்கும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்கிறது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு. ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்காதீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் கம்பெனியைப் பற்றி அடுத்து வரப்போகிறவர் விசாரிப்பது போனவரிடம்தான்.

ஆடிப்பெருக்கு போஸ்டர் காட்டிய அந்தப் பெண் இப்போது பெங்களூருவில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். போன வருடம் ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு ஆள் தேடியபோது அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். இரண்டு நல்ல பெயர்களைச் சொன்னார். நம்பரை அனுப்புமுன் ஒன்று கேட்டார்: "அங்க போஸ்டருக்கு ஓகே சொல்றது யாருங்ணா?"